கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நேற்றையது: கிழக்கின் குகைகளை வாசிப்பது எப்படி?

இலங்கையின் கிழக்கே, அம்பாறைக் காட்டுக்குள் ஒரு குகை. யாரோ போய்ப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார். கீழே ஒருவர் "ஆதிமனிதன் வாழ்ந்த இடம், 40,000 ஆண்டுப் பழசு" என்று எழுதுகிறார். அடுத்தவர் "கல்வெட்டு இருக்கிறதே, இது பழைய பௌத்த மடம்" என்கிறார். மூன்றாமவர் "சுவரில் உள்ள கீறல்களைப் பாருங்கள், வேடர் குகை" என்கிறார். நாலாவது ஆள் "எழுத்தைப் பார்த்தால் நம்மவர்" என்று தொடங்குகிறார். அத்தோடு குகையைப் பற்றிய பேச்சு முடிந்து, ஆளாளுக்குச் சண்டை.

முதல் மூவர் சொல்வதும் ஒரே குகைக்கு ஒரே நேரத்தில் பொருந்தலாம். நாலாமவர் சொல்வதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும், கீழே வருகிறது. நல்ல குகை என்பது நல்ல வீட்டு வளவு மாதிரி. ஒருவர் விட்டுப்போனால் இன்னொருவர் வந்து குடியேறுவார். ஆனால் குகைக்குள் நின்று சுற்றிப் பார்க்கிறவரின் கண்ணில் படுபவை, அதாவது எழுத்து, ஓவியம், வெட்டிய விளிம்பு, செங்கல் சுவர், பெரும்பாலும் கடந்த 2,300 ஆண்டுகளுக்குள் வந்தவை. அதற்கு முந்திய மனிதர் இருந்த இடம் காலடி மண்ணுக்குள். அது எந்தக் கமராவிலும் விழாது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

"வரலாற்றுக்கு முந்தைய" என்றால் எப்போது?

எழுத்துச் சான்று கிடைப்பதற்கு முந்திய காலம் முழுவதும் வரலாற்றுக்கு முந்தைய காலம். இலங்கையில் கல்வெட்டுகள் பரவலாகத் தொடங்குவது கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில். ஆனால் கல்லாயுதக் காலம் முடிந்த கையோடு கல்வெட்டுக் காலம் வந்துவிடவில்லை. நடுவே இன்னொரு கட்டம் உண்டு. வரிசைப்படி சொன்னால்:

1. இடைக்கற்காலம். வேட்டையாடி, காய்கிழங்கு பொறுக்கி வாழ்ந்தவர்கள். வயல் இல்லை, இரும்பு இல்லை. பாடநூல்களில் வரும் "பலாங்கொடை மனிதன்" இந்தக் கட்டத்துக்காரர்.

2. முன்வரலாற்றுக் காலம் அல்லது ஆதி இரும்புக் காலம். அநுராதபுரத்தில் ஏறக்குறைய கி.மு. 900 முதல் இரும்பும் கறுப்பு-சிவப்பு மட்பாண்டமும் கிடைக்கின்றன. கற்பலகைகளால் அறை அமைத்தும் தாழியில் இட்டும் இறந்தவரைப் புதைத்த வழக்கம் இக்காலத்தது. வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் உள்ள ஈமக்கல் அறைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

3. வரலாற்றுக் காலம். பிராமி எழுத்து, துறவிகளுக்குக் கொடுத்த குகைகள், குளங்கள், அரசர்கள்.

மட்டக்களப்புப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டாவதையும் முதலாவதையும் கலப்பது. கதிரவெளிக் கல்லறைகளை "கற்கால மனிதர் புதைகுழி" என்று எழுதுகிறார்கள். கல்லால் கட்டியதால் கற்காலம் ஆகிவிடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் மட்டக்களப்புக் கோட்டையும் கற்காலம்தான்.

கல்லுக்கு அடியில் ஒரு விறாந்தை

"குகை" என்றதும் பலர் நினைப்பது பூமிக்குள் நீண்டு போகும் இருட்டுச் சுரங்கத்தை. அப்படிப்பட்டவை பொதுவாகச் சுண்ணாம்புக்கல் உள்ள இடங்களில், நீர் கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாகும். கிழக்கின் அடிப்பாறை வேறு. புவியியலில் விஜயன் தொகுதி என்று படிக்கும் பழைய நைஸ் வகைப் பாறை அது, தண்ணீரில் கரையாது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, வெங்காயத் தோல் உரிவதுபோல் மேல்பரப்பு தகடு தகடாக உரிகிறது. பெரிய பாறையின் அடிப்பாகம் இப்படி உரிந்து உள்வாங்கினாலோ, உருண்ட பாறை ஒன்று மற்றொன்றின்மேல் சாய்ந்து நின்றாலோ அடியில் ஓர் ஒதுக்கிடம் கிடைக்கும்.

ஆகவே நம் பக்கத்துக் குகைகளில் பெரும்பாலானவை உண்மையில் பாறை ஒதுக்கிடங்கள். மேலே கூரை, பின்னால் சுவர், முன்பக்கம் திறப்பு; கிட்டத்தட்ட ஒரு விறாந்தை. வெளிச்சம் வரும், காற்று வரும், அடுப்பு மூட்டினால் புகை போகும். மனிதர் குடியிருக்க இருட்டுச் சுரங்கத்தைவிட இது எவ்வளவோ மேல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மேற்கு ஓரத்தில் வயலுக்கு நடுவே திடீரென்று எழும் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குடும்பிமலை என்பது மட்டக்களப்பு மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள குன்று. தொப்பிகல என்பதும் அதுதான். குடும்பிகல என்பது அம்பாறை மாவட்டத்தில், பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில், பழைய துறவி மடக் குகைகள் நிறைந்த பாறைக் கூட்டம். இரண்டுக்கும் இடையில் முழு நாள் பயணம் இருக்கிறது. செய்திகளில் ஒன்றின் படத்தைப் போட்டு மற்றதன் கதையை எழுதிவிடுகிறார்கள்.

ஒரே குகையில் அடுக்கடுக்காக

இனி, குகைக்குள் நுழைந்தவர் மேலிருந்து கீழாக எதைப் பார்க்கலாம் என்று வருவோம். புதியதிலிருந்து பழையதற்குப் போவதுதான் வசதி.

1. இப்போதைய வழிபாடு. விளக்கு வைத்த கரி, சூலம், புத்தர் சிலை, பச்சைக் கொடி, எதுவாகவும் இருக்கலாம். பலாங்கொடைக்கு அருகில் உள்ள கூரகல இதற்கு நல்ல உதாரணம். நம் பக்கத்து முஸ்லிம்களுக்கு அது ஜெய்லானி. அங்கே சூஃபி வழிபாட்டு மரபு இருக்கிறது, பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, மண்ணுக்குள் இடைக்கற்கால மனிதரின் எச்சமும் கிடைத்திருக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது பொய் என்று ஆகவில்லை.

2. சாம்பல் நிறக் கோட்டுருவங்கள். அம்பாறை மாவட்டத்தின் லகுகலைப் பக்கத்து ஹுலன்னுகே தாருலென்கல போன்ற இடங்களில் சுவரில் மனித உருவம், மிருக உருவம், பெயர் சொல்ல முடியாத கோலங்கள் தெரியும். இவற்றைத்தான் "ஆதிமனிதன் ஓவியம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ஆண்டுகளை ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் இலங்கையின் பழங்குடிகளான வேடர் பற்றி 1911இல் வெளியான ஆய்வில் செலிக்மன் தம்பதியர் எழுதிவைத்தது வேறு. ஆண்கள் வேட்டைக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருந்த வேடப் பெண்கள், சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் சுவரில் வரைந்தார்களாம். அதாவது இந்த ஓவிய மரபு நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை நடப்பில் இருந்திருக்கிறது. ஓர் உருவம் பழையதாகவும் இருக்கலாம், நம் பாட்டியின் பாட்டி காலத்ததாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் வயது சொல்ல முடியாது.

3. வெட்டிய விளிம்பும் எழுத்தும். குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டிப் போகவென ஒரு காடி வெட்டியிருப்பார்கள். இது இருந்தால், கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு துறவிகளுக்காகத் திருத்திய குகை என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். காடிக்குக் கீழே எழுத்தும் இருந்தால் அதன் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சுத்தான்: இன்னாருடைய மகன் இன்னாரின் குகை, வந்த வராத நாற்றிசைச் சங்கத்துக்கு உரியது. "லென" என்ற சொல் குகையைக் குறிக்கும்.

4. மண். காடிக்கும் எழுத்துக்கும் கீழே, தரைக்குள். பாறைத் தூள், காற்று கொண்டுவந்த புழுதி, வௌவால் எச்சம், அடுப்புச் சாம்பல், தின்று போட்ட எலும்பு, நத்தை ஓடு, கல் உடைத்த சில்லு எல்லாம் படிந்து படிந்து உயர்ந்த தரை. வரலாற்றுக்கு முந்தைய மனிதர் இங்கேதான் இருக்கிறார், இருந்தால்.

"இருந்தால்" என்று சொல்லக் காரணம் உண்டு. துறவிகள் குகையைத் தங்குமிடமாக மாற்றியபோது தரையைச் சமப்படுத்தினார்கள், மண்ணை வழித்து வெளியே தள்ளினார்கள், சில இடங்களில் சாந்து பூசினார்கள். வீடு திருத்துகிறவர் செய்யும் வேலைதான். அதில் பழைய அடுக்குகள் எத்தனையோ போயிருக்கும்.

நாலாமவரின் வாதத்துக்கு இப்போது வரலாம். பிராமி என்பது எழுத்தின் பெயர், மொழியின் பெயரல்ல. இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி பெரும்பாலும் பிராகிருதம். அதில் வரும் "பருமக" என்ற பட்டத்தைப் பெருமகன் என்ற சொல்லோடு ஒப்பிட்டவர்கள் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. வவுனியாவின் பெரியபுளியங்குளக் கல்வெட்டு ஒன்றில் விசாகன் என்ற வணிகரைத் "தமெட", அதாவது தமிழர் என்றே குறிக்கிறார்கள். அவர் பௌத்தத் துறவிகளுக்குக் குகை கொடுத்தவர். பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்ற இன்றைய கணக்கை 2,200 ஆண்டு பின்னுக்குக் கொண்டுபோனால் இந்த ஒரே வரியில் இடறி விழ வேண்டியதுதான்.

48,000 ஆண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது?

குகை என்றாலே இப்போது எல்லாரும் சொல்லும் எண் 48,000. அது கிழக்கு மாகாணத்து எண் அல்ல. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களப் பக்கம் உள்ள பாஹியன்கல குகையிலிருந்து வந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாஹியான் தங்கிய இடம் என்று ஊர்க்கதை சொல்வதால் அந்தப் பெயர். பெயருக்கு வயது 1,600 ஆண்டு; மண்ணுக்கு அதைப்போல முப்பது மடங்கு. குகை இப்போதும் விகாரைதான், படி ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

அந்த மண்ணை 1980களில் டபிள்யூ. எச். விஜயபால தோண்டினார், பிற்பாடு மீண்டும் அகழ்வு நடந்தது. 2019லும் 2020லும் வெளியான ஆய்வுகள்தான் உலகச் செய்தியாயின. சுருக்கம் இது:

1. அங்கே கிடைத்த மிருக எலும்புகளில் பெரும்பங்கு யானையோ மானோ அல்ல. மந்தி, குரங்கு, மலையணில். மரத்தின் உச்சியில் தாவித் திரியும் சின்ன உயிர்கள். இவற்றைக் கல்லெறிந்து பிடிக்க முடியாது.

2. அப்படியானால் எதனால் பிடித்தார்கள்? எலும்பைச் சீவித் தேய்த்துக் கூராக்கிய முனைகளால். ஆராய்ந்த முனைகள் 130 அளவில். குரங்கைச் சாப்பிட்டுவிட்டு அதன் எலும்பிலேயே அடுத்த குரங்குக்கான அம்பைச் செய்திருக்கிறார்கள். முனைகளின் அளவும், அடிபட்டு முறிந்த விதமும் வில்லிலிருந்து எய்தவை என்பதைக் காட்டுவதாக ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

3. ஆயுதம் மட்டுமல்ல. தோலோ நாரோ துளைக்கும் ஊசிபோன்ற எலும்புக் கருவிகள், காவிக் கல்லில் செய்த மணிகள், கடற்சிப்பி மணிகள்.

"ஆப்பிரிக்காவுக்கு வெளியே உலகின் மிகப் பழைய வில்அம்பு இலங்கையில்" என்ற தலைப்பு 2020இல் வந்தது, இன்னமும் பகிரப்படுகிறது. 2023இல் பிரான்சின் மாந்த்ரின் குகையிலிருந்து 54,000 ஆண்டு என்ற கணக்கு வந்துவிட்டது. ஆகவே பழைய தலைப்பை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. ஈரவலய மழைக்காட்டுக்குள் மனிதர் அவ்வளவு முன்னதாகவே நிலையாக வாழ்ந்தார்கள் என்ற முடிவு அதனால் அசையவில்லை, அதுதான் பெரிய விஷயம். அடர்ந்த மழைக்காட்டில் விவசாயம் இல்லாமல் மனிதர் நீடித்து வாழ முடியாது என்று உலக அளவில் பலர் நம்பியிருந்த காலம் உண்டு. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில், பாஹியன்கல, குருவிட்டைப் பக்கத்து பட்டதொம்பலென முதலிய இடங்களில் கிடைத்த 26 பேரின் பற்களில் உள்ள கார்பன் வகைகளை அளந்தார்கள். உண்ட உணவு எந்தச் சூழலில் வளர்ந்தது என்பதைப் பல்லின் எனாமல் காட்டிக்கொடுக்கும். அவர்கள் காட்டுணவையே நம்பி வாழ்ந்தவர்கள் என்று பல் சொன்னது.

இன்னொரு நுணுக்கம்: 48,000 என்பது மனிதர் குடியிருந்த மண் அடுக்கின் வயது. கையில் கிடைத்த மனித எலும்புகளின் வயது அதைவிடக் குறைவு. பழையவை ஏறக்குறைய 38,000 ஆண்டு. இரண்டையும் கலந்து "48,000 ஆண்டுப் பழைய எலும்புக்கூடு" என்று எழுதுவது தவறு.

ஆண்டுக் கணக்கில் ஒரு பொறி

ஆய்வுக் கட்டுரைகளில் "இற்றைக்கு முன்" என்று ஓர் அளவு வரும். இதில் "இன்று" என்பது கட்டுரை வந்த ஆண்டோ நாம் வாசிக்கும் ஆண்டோ அல்ல. 1950 என்று நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். "இற்றைக்கு 3,000 ஆண்டு முன்" என்றால் கி.மு. 1050. அதையே "கி.மு. 3000" என்று எழுதிவிட்டால் 1,950 ஆண்டு கூடிப்போகும். 48,000க்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கதிரவெளி போன்ற இடங்களுக்கு வந்தால் ஒரு முழு யுகமே மாறிவிடும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? கரித்துண்டு, எலும்பு, விதை போன்ற உயிருள்ளதாய் இருந்த பொருளில் உள்ள ஒரு வகைக் கார்பன், உயிர் போனபின் சீராகக் குறையும். 5,730 ஆண்டில் பாதி, அடுத்த 5,730இல் அதிலும் பாதி. 50,000 ஆண்டானால் மிஞ்சுவது நானூறில் ஒரு பங்கு அளவுதான். அதற்குமேல் அளக்க முடியாது. மண்ணுக்கு வேறு முறை உண்டு. படிகக்கல் மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அதில் சேர்ந்துள்ள ஆற்றலை வைத்து அளப்பார்கள். அதனால்தான் அந்த மாதிரியை வெளிச்சம் படாமல் குழாயில் அடைத்து எடுக்கிறார்கள்.

பாறைச் சுவருக்கு இந்த இரண்டு முறையும் நேரடியாக உதவாது. குகையைத் தொட்டுப் பார்த்து "இது இருபதாயிரம் ஆண்டு" என்று யாராவது சொன்னால், பாறையின் வயதைக் கேட்டுப் பாருங்கள். அது ஏறக்குறைய நூறு கோடி.

நகத்தளவு கல்

இடைக்கற்கால மனிதரின் மிக அதிகமாகக் கிடைக்கும் பொருள் எலும்பு அல்ல, நுண்கற்கருவி. வெண்படிகக்கல்லிலும் சேர்ட் என்ற நுண்ணிய கல்லிலும் செய்தவை. பெரும்பாலும் கைவிரல் நகத்தளவு. பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவம் உண்டு. ஒரு பக்கம் சவர அலகுபோல மெல்லிய ஓரம். எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே தட்டித் தட்டி மழுக்கியது. மழுங்கிய பக்கத்தை மரத் தண்டில் பிசின் வைத்துப் பொருத்தினால் கத்தி, முள், அம்பு.

வெண்படிகக்கல் நம் காடு முழுக்கக் கிடக்கும் கல். தானாக உடைந்ததற்கும் மனிதர் உடைத்ததற்கும் வித்தியாசம் எங்கே? மனிதர் அடித்த இடத்தில் சின்னப் புடைப்பும், அதிலிருந்து பரவும் அலைபோன்ற கோடுகளும் இருக்கும். ஓரத்தில் ஒரே சீராகச் சின்னச் சின்னக் கொத்தல்கள் தெரியும். படிகக்கல்லில் இந்த அடையாளங்கள் மங்கலாகத்தான் வரும், பழகிய கண்ணே தடுமாறும். ஒரே இடத்தில், கரிமண்ணோடு, நத்தை ஓட்டோடு, நூற்றுக்கணக்கில் கிடந்தால் சந்தேகம் குறையும்.

அவர்கள் யார், நாம் யார்?

பலாங்கொடை மனிதன் என்ற பெயரை வைத்தவர் தேசிய அருங்காட்சியகப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. "மனிதன்" என்று ஒருமையில் சொல்லிப் பழகியதால், குரங்குக்கும் நமக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் இனம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. நம்மைப் போன்ற முழு மனிதர்களே. அவருடைய மகன் சிரான் தெரணியகலவின் கணிப்பில் ஆண்களின் உயரம் 174 சென்டிமீட்டர் அளவு, பெண்களுடையது 166. தடித்த மண்டையோடு, புடைத்த புருவ எலும்பு, பெரிய பல். சட்டை போட்டு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எப்படி வந்தார்கள்? ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை அவ்வளவு ஆழமில்லாதது. அது நிலமாக இருந்தது. பனியுகம் முழுக்க அப்படித் தொடுப்பு வருவதும் போவதுமாக இருந்து, ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் இலங்கை கடைசியாகத் தீவானது. வடக்கே கடல் வற்றிப் பெருவெளி கிடைத்த காலத்திலும் நம் கரையோரம் அவ்வளவு விரியவில்லை. கிழக்குக் கடலில் அடித்தளம் சீக்கிரமே ஆழத்துக்கு இறங்கிவிடும்.

குகைவாசி என்றால் கடலைக் காணாதவர் என்றும் எண்ணக் கூடாது. கித்துல்கலைப் பக்கத்து பெலிலென குகையில், கடற்கரையிலிருந்து கொண்டுவந்த உப்பு இருந்ததைச் சிரான் தெரணியகல பதிவு செய்திருக்கிறார். மலைக்கும் கரைக்கும் இடையில் ஆளோ பண்டமோ போய்வந்திருக்கிறது.

வேடருக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா? எலும்புகளை ஒப்பிட்ட கென்னத் கென்னடி போன்றவர்கள் சில உடற்கூற்று ஒற்றுமைகளைக் காட்டினார்கள். அதற்காக இன்றைய வேடர் "கற்கால மனிதர்" ஆகிவிடமாட்டார்கள். அவர்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அயலவரோடு கலந்து, இரும்பு வாங்கி, சேனைப் பயிர் செய்து வந்தவர்கள். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி, கடலில் மீன்பிடித்து வாழும் கரையோர வேடரை செலிக்மனே தனி அத்தியாயமாக எழுதினார். இங்குள்ள தமிழர், முஸ்லிம், சிங்களவர் யாருடைய உடம்பிலும் அந்தப் பழைய மனிதரின் பங்கு கொஞ்சமாவது இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை எந்த எலும்பும் சொல்லாது. பல்லின் வயதைச் சொல்ல இயந்திரம் உண்டு. பல் உச்சரித்த சொல்லுக்கு இல்லை.

கிழக்கில் ஏன் இவ்வளவு குறைவு?

பாஹியன்கல, பட்டதொம்பலென, பெலிலென எல்லாம் மேற்கிலும் தென்மேற்கிலும். அதனால் கிழக்கில் அக்காலத்தில் மனிதரே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கையின் கற்கால ஆய்வு தொடங்கிய இடங்களில் ஒன்றே நம் ஆற்றங்கரைதான். 1907இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற உறவுக்காரர் இருவர், வேடரின் முன்னோர் கல்லாயுதம் செய்தார்களா என்று தேடி நில்கலக் குகையைத் தோண்டிப் படிகக்கல் கருவிகளை எடுத்தார்கள். நில்கல இன்றைய மொணராகலை மாவட்டத்தில், கல்லோயாவின் மேற்பகுதியில் இருக்கிறது. கல்லோயா என்றால் வேறொன்றுமில்லை, கல்முனைக்குத் தெற்கே கடலோடு சேரும் நம் பட்டிப்பளை ஆறு.

பிறகு ஏன் தொடரவில்லை? காரணங்கள் பல.

1. மண். ஈரவலயக் குகைகளில் சாம்பலும் நத்தை ஓடும் கனமாகச் சேர்ந்து எலும்பைக் காப்பாற்றின. அந்தச் சேர்மானம் இல்லாத இடத்தில் கல்தான் மிஞ்சும், எலும்பு கரைந்துவிடும். எலும்பு இல்லாத குகை செய்தியாவதில்லை.

2. கவனம். இங்கே தொல்லியல் என்றால் தீகவாபி, ராஜகல போன்ற பெரிய பௌத்தச் சின்னங்களே முன்னுக்கு வந்தன. உகணைப் பக்கத்து ராஜகலவில், இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்த மகிந்த தேரரையும் இட்டிய தேரரையும் குறிக்கும் கல்வெட்டு இருக்கும்போது, அதன் காலடி மண்ணைச் சலித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

3. போர். காட்டுப் பகுதிகளில் முப்பது ஆண்டு யாரும் கால்வைக்க முடியவில்லை.

4. நம்பிக்கையின்மை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, முதலில் அறிவித்த உறுப்பினர்களில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அதற்குப் பின் குன்றில் ஒரு தொல்பொருள் பலகை நட்டாலே, காணி போகப்போகிறது என்றுதான் அயலில் உள்ளவர் நினைக்கிறார். அந்த நினைப்புக்குக் காரணம் இருக்கிறது. விளைவு என்னவென்றால், எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லாத அந்த அடிமண்ணைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை.

5. புதையல் தோண்டுவோர். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். கல்வெட்டு இருந்தால் அதற்குக் கீழே தங்கம் இருக்கும் என்ற நம்பிக்கையில் இரவோடு இரவாகக் குழி வெட்டுகிறார்கள். துறவிக்குக் கொடுத்த குகையில் தங்கத்தை ஏன் புதைக்கப்போகிறார்கள் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. குழிக்குப் பக்கத்தில் குவித்த மண்ணைப் பார்த்தால் கறுப்புச் சாம்பல், வெள்ளைச் சில்லு, உடைந்த ஓடு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எந்தச் சில்லு எந்தச் சாம்பலோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் வயது கணிக்கிறார்கள். கலந்த பிறகு அந்தச் சில்லு வெறும் கல்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

மாணவரைக் கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியருக்கும் பயன்படும் என்பதால் சில குறிப்புகள்.

1. முதலில் அருங்காட்சியகம், பிறகு குகை. இரத்தினபுரி அல்லது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் நுண்கற்கருவியைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டால், குகையில் எதைத் தேடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பார்க்காமல் போனால் பிள்ளைகள் பார்த்துவருவது வௌவாலைத்தான்.

2. பருவம். நமக்கு மழை கார்த்திகை, மார்கழி, தை. பாஹியன்கலப் பக்கம் வைகாசி முதல் மழையும் அட்டையும். இங்கே வெயில் காய்கிறதே என்று ஆனியில் பஸ் பிடித்தால் அங்கே நனைய வேண்டிவரும். லகுகலைப் பக்கம் எந்த மாதமும் யானை. காலை வெளிச்சம் வந்த பிறகு போய், வெயில் சாயுமுன் வெளியேறிவிட வேண்டும். பாறை முகப்பில் பெரிய தேன்கூடு தொங்கினால் சத்தமும் புகையும் கூடவே கூடாது.

3. குகைக்குள் அடுப்பு மூட்டிச் சமைக்கக் கூடாது. புகை ஓவியத்தை மறைக்கும். புதிய கரி பழைய கரியோடு சேர்ந்தால் வயதுக் கணக்கு பிசகும். ஓவியம் துலங்கட்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் சுண்ணக்கட்டியால் கோட்டின்மேல் கோடு இழுப்பதும் இன்னும் கெடுதல்.

4. சில்லு ஏதும் கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம். பக்கத்தில் பேனாவையோ நாணயத்தையோ வைத்து அளவு தெரியப் படம் எடுங்கள், கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கோ தெரியப்படுத்துங்கள். முகநூலில் சரியான இடத்தைப் போடவேண்டாம். அதை முதலில் வாசிப்பவர் மண்வெட்டியோடு இருப்பவராகவும் இருக்கலாம்.

5. சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். உங்கள் சொந்தக் காணி என்றாலும் அதே கதைதான். நினைவுச்சின்னங்களுக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் எல்லைக் கோடு 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். அதற்கு முந்தியது என்றால் போதும். 300 ஆண்டுப் பழைய கோயில் தூணும், 30,000 ஆண்டுப் பழைய சாம்பல் அடுக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே பக்கத்தில்தான் வருகின்றன. தூணைப் பெயர்த்தால் ஊரே கூடிவிடும். சாம்பலை அள்ளிப் போட்டால் குப்பை கூட்டினார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.